மேட்டு ரோட்டில் சத்தம் கூடாது

சைக்கிள் சீட்டை அவன் நாலு விரற்கடை உயர்த்தியதுதான் சண்டைக்கு முதல் காரணம். இரண்டாவது காரணம் அந்தச் சத்தம்.

இரண்டையும் மச்சான் வாசலில் வைத்தே பிடித்துக்கொண்டார். காய்ச்சல் என்று படுத்து, பிறகு எழுந்திருக்காமலே போன அவன் மனைவியின் அண்ணன் அவர். தங்கைக்கு முதல் வேலை கிடைத்தபோது அந்த ரேஸ் சைக்கிளை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதில் அவன் வேலையிலிருந்து வந்து இறங்குவதைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"என்ன மாப்பிள்ளை, அவ சைக்கிள எடுத்து ஓட்டுறீங்களா?"

"ஆமா மச்சான்."

"சீட்ட வேற தூக்கியிருக்கீங்க."

"எனக்குக் கால் நீளம்."

"கறகறன்னு கத்துதே, காதுல விழலையா? செக்கு கூட இவ்வளவு கத்தாது."

"விழுது."

"விழுதுங்கிறீங்க, ஓட்டுறீங்க. இத இப்பவே கொண்டுபோறேன். ஹால் சுவத்துல ரெண்டு கொக்கி அடிச்சு வெச்சிட்டேன். நல்லாத் தொடச்சு, அவ போட்டோவுக்குப் பக்கத்துல மாட்டப்போறேன்."

"மாட்டி?"

"மாட்டினா மாட்டினதுதான். பாத்துக்கிட்டு இருப்போம்."

"பாத்துக்கிட்டு இருக்கவா அவ ஓட்டினா?"

அவள் போனபின் அந்த வீட்டில் அவன் எதிர்த்துப் பேசிய முதல் வாக்கியம் அது. சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டு, படு என்றால் படுத்து, எதற்கும் தலையாட்டிக்கொண்டிருந்த பிள்ளை. இவனுக்கு வாய் எப்போது முளைத்தது என்பதுபோல் பார்த்தாள்.

மச்சானுக்கும் திகைப்புதான். ஆனால் அவர் விட்டுக்கொடுக்கிற சாதி இல்லை.

"சரி. ஞாயித்துக்கிழமை காலையில மேட்டு ரோடு. சைக்கிள் ஒரு முனகல் முனகாம உச்சி வரைக்கும் கொண்டுவாங்க. வந்துட்டா உங்களுக்கே. முனகுச்சு, கொக்கிக்குப் போயிரும்."

"சரி."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"சொல்லிட்டேன் மச்சான்."

அவனுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது அங்கே பாலபாடம். வீட்டுக்கு வந்ததும் அதை மறந்தான். சத்தம் என்றால் எண்ணெய் என்று ஊரே நினைப்பதை அவனும் நினைத்தான். கைக்கு வந்தமட்டும் ஊற்றினான். மறுநாள் சாலைப் புழுதியெல்லாம் செயினில் அப்பிக்கொண்டது. சத்தம் அப்படியே இருந்தது, கால்சட்டை மட்டும் கறுத்தது.

"சைக்கிளுக்கு ஊத்தின எண்ணெயில பாதி உன் தலையில வெச்சிருந்தா மண்டையாவது குளுந்திருக்கும். அங்கேயே நில்லு, உள்ள வராத" என்றாள் அம்மா.

பிறகுதான் ஒழுங்காக ஆரம்பித்தான். மண்ணெண்ணெயில் செயினைக் கழுவி, காயவைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மேலே நின்றதைத் துடைத்தான். சத்தம் இருந்தது. செயினின் மேல் ஸ்கேலை வைத்து அளந்தான். தேய்ந்து நீண்டிருந்தது. புதுச் செயின் வாங்கிப் போட்டான். சத்தம் கூடியது.

"பின்னாடி பல்சக்கரத்த செட்டோட மாத்திருங்க சார். ஏன், சைக்கிளையே மாத்திருங்க" என்றார் கடைக்காரர். எந்த நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்துதான்.

இதில் ஒரு விசித்திரம் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுக் கையால் பெடலைச் சுற்றினால் பூனை நடப்பதுபோல் ஓடியது. அவன் ஏறி மிதித்தால்தான் கத்தியது.

"உன்னக் கண்டாத்தான் அதுக்கு அழுகை வருது" என்றாள் அம்மா.

அவள் கேலியாகத்தான் சொன்னாள். அவனுக்கு அதில் விஷயம் இருந்தது. பாரம் ஏறினால் சத்தம், பாரம் இல்லையென்றால் இல்லை. அப்படியானால் பாரத்தை ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

"அம்மா, வந்து பின் பிரேக்க லேசாப் பிடி. நான் பெடல அமுக்குறேன்."

"நான் பிடிச்சா உடைஞ்சிராது?"

"உடைஞ்சா மச்சானுக்குச் சந்தோஷம். பிடி."

நடையில், செருப்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, அம்மா பிரேக்கைப் பிடித்தாள். அவன் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு பெடலைக் கையால் அமுக்கினான். கறக். பின்பக்க கியரை ஒவ்வொன்றாக மாற்றினான். எதில் போட்டாலும் கறக். அப்படியானால் கோளாறு பின்னால் இல்லை. பெடல் பக்கம் இரண்டு பல்சக்கரங்கள். செயின் பெரியதில் கிடந்தது. விரலால் தள்ளிச் சின்னதில் போட்டு அமுக்கினான்.

ஒன்றும் கேட்கவில்லை.

"செத்துருச்சாடா சத்தம்?" என்ற அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தச் சொல்லை அவள் அந்த வீட்டில் ஒளித்துவைத்திருந்தாள்.

"செத்துருச்சு" என்றான் அவன், வெகு சாதாரணமாக.

பழந்துணியால் இரண்டு பல்சக்கரங்களையும் துடைத்தான். பெரியதன் பற்கள் எல்லாம் காற்றில் சாய்ந்த பயிர்போல் ஒரே பக்கமாகத் தேய்ந்து வளைந்திருந்தன. சின்னதில் கம்பெனியில் அடித்த கறுப்புச் சாயம் கூட உதிரவில்லை. மனைவி அத்தனை வருஷம் ஓட்டிய சைக்கிள். மேடேற லேசானது சின்னதுதான். அவள் ஒரு மேட்டில் கூட அதைத் தொடவில்லை.

மேட்டு ரோட்டில் அவன் தன் பழைய சைக்கிளில், இருப்பதிலேயே லேசான கியரில், கால்கள் பறக்கப் பின்னால் வருவான். அவள் முன்னால் எழுந்து நின்று மிதித்தபடி, "என்னங்க, மிக்ஸி ஓட்டுறீங்களா?" என்பாள். நீயும் சின்னதுக்கு மாத்தேன் என்றால், "மாத்தினா மேட்டுக்குத் தலைக்கனம் ஏறிரும்" என்பாள்.

அந்த மாடலுக்குப் பெரிய பல்சக்கரம் வரவழைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் வராது என்றார் கடைக்காரர்.

"அதனால என்ன? சின்னதுலேயே ஏறிரு" என்றாள் அம்மா. "சத்தமும் இல்ல, காலுக்கும் சுகம். உன் மச்சான் வாயும் அடைஞ்சிரும்."

பழுதில்லாத யோசனை. இத்தனை மாதமும் அவன் அப்படித்தான் இருந்தான். எதிலும் பல் பதியாமல், காலுக்குச் சுகமாக. திருகு கழற்றும் ஆலன் கீயை எடுத்தான்.

"என்னடா கழட்டுற?"

"பெருச."

பல் தேய்ந்தது ஒரு பக்கம்தான். செயின் இழுக்காத மறுபக்கம் நன்றாக இருந்தது. பழைய மாடல், இரு முகமும் தட்டை. சக்கரத்தைப் புரட்டிப்போட்டால் தேயாத பக்கம் இழுக்கும். ஒரே குறை, சின்னதிலிருந்து செயினைப் பெரியதுக்குத் தூக்கிவிடும் வெட்டுகள் எதிர்ப்பக்கம் போய்விடும்.

"அப்போ ஒருதடவை சின்னதுக்கு இறங்கினா?" என்று கேட்டாள் அம்மா.

"திரும்ப ஏறாது."

"மேட்டுல மூச்சு முட்டினா என்னடா பண்ணுவ?"

"முட்டட்டும்" என்று சக்கரத்தைப் புரட்டி மாட்டினான்.

அம்மா பிரேக்கைப் பிடித்தாள். அவன் அமுக்கினான். சத்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். இன்ஜின் ஓடினால் முனகல் கேட்காது என்று ஸ்கூட்டரை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டுக் கூடவே நடந்தார். நடையே போதுமாக இருந்தது. மேடு செங்குத்தானதும் சைக்கிள் அவரைவிட மெதுவாகப் போனது.

"சின்னதுக்கு மாத்துங்க மாப்பிள்ளை. முட்டி பேந்துரும்."

"மாட்டேன்."

"நான் சத்தம் கூடாதுன்னுதான் சொன்னேன். கியரப் பத்திப் பேசவே இல்லையே!"

"நீங்க பேச மாட்டீங்க. அவ பேசுவா."

மச்சானின் செருப்பு சரக் சரக்கென்று கூட வந்தது.

கடைசி வளைவில் சைக்கிள் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. முன்சக்கரம் குடிகாரன்போல் இப்படியும் அப்படியும் திரும்பியது. சீட்டைப் பிடிக்க மச்சானின் கை நீண்டது.

"தொடாதீங்க!"

எழுந்து நின்று முழு உடம்பையும் பெடலில் இறக்கினான். அப்போது சத்தம் வந்தது. கரகரத்த, நீளமான, அசிங்கமான சத்தம். ஒவ்வொரு மிதிக்கும் வந்தது.

"வருது! சத்தம் வருது பாத்தீங்களா!" என்று மச்சான் ஓடிவந்தார்.

"அது நான் மச்சான்! சைக்கிள் இல்ல!"

கத்திக்கொண்டே ஏறினான். இழவு வீட்டில் வராத சத்தமெல்லாம் அங்கே வந்தது. சாலையோரம் படுத்திருந்த நாய் எழுந்து தள்ளிப்போய்ப் படுத்தது. உச்சியில் கால் ஊன்றி ஹேண்டில்பாரில் கவிழ்ந்தான்.

மச்சான் சைக்கிள் பக்கத்தில் குந்தி, செயினை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். ஏதாவது குற்றம் கிடைக்காதா என்று துழாவிய விரல் சின்னப் பல்சக்கரத்தில் நின்றது.

"இத மட்டும் புதுசு போட்டீங்களா?"

"இல்ல. நீங்க வாங்கிக் கொடுத்ததுதான்."

அவர் கறுப்புச் சாயத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். மறுபடி தேய்த்தார்.

"தொடவே இல்லையா கழுதை?"

"தொடல."

"ராங்கிக்காரி" என்றவர் வெகுநேரம் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது பழைய குரல் பாதிதான் திரும்பியிருந்தது. "கொக்கி அடிச்சிட்டேனே மாப்பிள்ளை. அத என்ன பண்றது?"

"குடை மாட்டுங்க."

சைக்கிளைத் திருப்பினான். இறக்கத்தில் பெடல் மிதிக்கத் தேவையில்லை. அவன் மிதித்தான்.