வாசித்துக் காட்டப்பட்டது

வெள்ளிக்கிழமை காலை பதினோரு தீர்ப்புகள். மறுநாளிலிருந்து இரண்டு நாள் விடுமுறை என்பதால் மூத்த நீதிபதி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி மடமடவென்று சொல்லிக்கொண்டே போனார். அவருக்குப் பக்கத்தில் இளைய நீதிபதி தலையாட்டினார். கீழே பதிவாளர் மேஜையில் நான், குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

எட்டாவது வழக்கு ஒரு லாரி டிரைவருடையது. சரக்கைத் திருடி விற்றதாகக் கீழ்க் கோர்ட்டில் ஏழு வருஷம் போட்டிருந்தார்கள். "அப்பீல் ஏற்கப்படுகிறது. விடுதலை" என்றார் மூத்தவர். கடைசி வரிசையில் டிரைவரின் மனைவி எழுந்து நின்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். நான், அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளைத் திருப்பினேன்.

சாயங்காலம் நீதிபதிகள் கையெழுத்திட்ட கட்டு என் அறைக்கு வந்தது. டிரைவரின் வழக்கில் பத்துப் பக்கத் தீர்ப்பு, கடைசி வரியில் "அப்பீல் தள்ளுபடி." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். தள்ளுபடிதான். யாரிடமும் சொல்லாமல் கட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் கோர்ட்டில் வெள்ளைக்காரன் காலத்து விதி ஒன்று உண்டு. நீதிபதி வாயால் சொன்ன உத்தரவைப் பதிவாளர் எழுதி, அதே இடத்தில் எழுந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படி திருப்பி வாசிக்க வேண்டும். நீதிபதி சரி என்ற பிறகு அதுதான் உத்தரவு. அதற்கப்புறம் அறைக்குள் உட்கார்ந்து யாரும் மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமானால் இரு தரப்பையும் கூப்பிட்டு மறுபடி கோர்ட்டில்தான் சொல்ல வேண்டும்.

நல்ல விதிதான், பிறந்த விதம்தான் அசிங்கம். உள்ளூர்க்காரர்களை முதன்முதலாக நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்தபோது, அவர்களை நம்பாமல், வெள்ளைக்காரப் பதிவாளர் ஒருவரைக் காவலுக்குப் போட்டுச் செய்த ஏற்பாடு அது. மூத்தவருக்கு அது நினைவிருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் அவர் பதவியேற்ற அன்று நான் வாசிக்க எழுந்தேன். "நான் சொன்னதை எனக்கே சொல்லிக் காட்ட வேண்டாம், உட்காரும்" என்றார். உட்கார்ந்தேன். ஆறு வருஷமாக எழுந்திருக்கவே இல்லை.

ஆனால் குறிப்பேட்டுத் தாள் மாறவில்லை. ஒவ்வொரு தாளின் அடியிலும் "திறந்த நீதிமன்றத்தில் வாசித்துக் காட்டப்பட்டது, சரி" என்று அச்சடித்திருக்கும். அதன் கீழே என் கையெழுத்து. ஒரு நாளைக்கு எத்தனை பொய் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் கணக்கு டீச்சர், பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். "வீட்டுல நான் சொல்றதையே காதுல வாங்க மாட்டீங்க, கோர்ட்டுல திருப்பி வாசிச்சிருக்கப் போறீங்களாக்கும்" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேனாவை மூடினாள்.

"வாசிச்சீங்களான்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

அதுதான் என்னைத் தின்றுகொண்டிருந்தது. வாசித்தேன் என்று பொய் சொன்னால் டிரைவர் வெளியே வருவான். வாசிக்கவில்லை என்று உண்மையைச் சொன்னால் என் குறிப்பு வெறும் காகிதம். அவன் ஏழு வருஷம் உள்ளே, நான் வேலையை விட்டு வெளியே. வாசித்திருந்தால் இந்த வம்பே இல்லை என்பதையும் அவள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கெல்லாம் டிரைவரின் மனைவி தாழ்வாரப் பெஞ்சில் இருந்தாள். விடுதலை உத்தரவு எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். மதியத்துக்குள் தெரியும் என்று மென்று முழுங்கிவிட்டு, குறிப்பேட்டையும் தீர்ப்பையும் எடுத்துக்கொண்டு மூத்த நீதிபதியின் அறைக்குப் போனேன்.

நீதிபதிகள் இருவரும் இருந்தார்கள். இரண்டையும் மேஜையில் விரித்துக் காட்டினேன். மூத்தவர் முதலில் தன்மையாகத்தான் ஆரம்பித்தார். ஒன்பதாவது வழக்கின் விடுதலையை எட்டாவதில் சொல்லிவிட்டாராம், வாய் தவறிவிட்டதாம். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதிவிடுங்கள் என்றார். வாய்தான் தவறியதா, மனசு மாறியதா, எனக்கு இன்று வரை தெரியாது.

கோர்ட்டில் சொன்னதைக் கோர்ட்டில்தான் மாற்ற முடியும் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

மூத்தவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "வெள்ளைக்காரன் நம்மள நம்பாம போட்ட விதி அது. அவன் போயாச்சு. அவன் நாற்காலில இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களா?"

"விதி புஸ்தகத்துல இன்னும் இருக்கு ஐயா. அவன் போட்டது உங்களுக்குக் காவலா. ஆனா இன்னைக்கு அதால பொழைக்கப் போறவன் ஜெயில்ல இருக்கான்."

என் வாயிலிருந்துதான் வந்தது.

இளையவர் சாமர்த்தியக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்து அச்சு வரியின் மேல் விரலை வைத்தார். "வாசிச்சுக் காட்டுனீங்களா?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஏற்கெனவே அச்சடித்துக் கையெழுத்துப் போட்ட பொய், திரும்பச் சொன்னால் போதும். ஆனால் அந்த இருவருக்கும் உண்மை தெரியும். தெரிந்தவர்களிடம் பொய் சொல்ல எனக்கு வராது, பாழாய்ப்போன சுபாவம்.

"இல்ல ஐயா. அன்னைக்கு மட்டுமில்ல, ஆறு வருஷமா வாசிக்கல. எழுதிக் குடுக்கச் சொன்னா எழுதிக் குடுக்கறேன்."

மிரட்டலாக நான் சொல்லவில்லை. மிரட்டுகிற நிலையிலா இருந்தேன்? ஆனால் இளையவரின் விரல் தாளை விட்டு எழுந்தது. ஆறு வருஷத்தில் எத்தனை தீர்ப்பு இருக்கும் என்று கேட்டார். இரண்டாயிரத்துச் சொச்சம் என்றேன். வாசிக்காத உத்தரவு செல்லாது என்றால் அந்த இரண்டாயிரமும் செல்லாது. அவர் மூத்தவரைப் பார்த்தார். மூத்தவர் எழுந்து ஜன்னலருகே போனார்.

திரும்பி வந்தவர், காரணங்களைப் பிறகு மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லி, தீர்ப்பின் கடைசி வரியை அடித்துவிட்டு "ஏற்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இளையவரும் போட்டார்.

"நீங்க வாசிச்சீங்க" என்றார் மூத்தவர். "நான் கேட்டேன்."

"நானும் கேட்டேன்" என்றார் இளையவர்.

இரண்டாயிரம் பேரில் எத்தனை பேருக்கு வாய் எதிர்ப்பக்கம் தவறியிருக்கும்? நீதிபதி விடுதலை என்று எழுதி வைத்து, வாய் தள்ளுபடி என்று சொல்லி, நான் ஒத்துப் பார்க்காமல் போட்ட கையெழுத்தோடு உள்ளே போனவர் யாராவது இருந்தால்? அதைக் கேட்க வேண்டிய ஒரே ஆள் நான்தான், கேட்க வேண்டிய நேரமும் அதுதான்.

"ஆமா ஐயா" என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு விடுதலை உத்தரவில் முத்திரை குத்தி, நானே தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். விரல் கடைசி வரிக்கு, "வாசித்துக் காட்டப்பட்டது" என்ற இடத்துக்கு, வந்ததும் நின்றது. தாழ்வாரத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"அன்னைக்கு நீங்க எதையும் வாசிக்கலீங்களேய்யா. நான் ஒரு வார்த்தை விடாம கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்." பிறகு இன்னும் மெதுவாக, "பயப்படாதீங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன்.

"ஜெயில் ஆபீஸ் நாலு மணிக்கு மூடிடும்மா" என்றேன். "சீக்கிரம் போங்க."