கடைசி ஏழு விநாடி

ட்ரம்பெட்காரரின் மேல்வரிசை முன்பல் மூன்று நாளாக ஆடிக்கொண்டிருந்தது. குழலை உதட்டில் அழுத்தும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் தனியாக வாசிக்கும் வாய்ப்பு பக்கத்து நாற்காலியிலிருக்கும் இரண்டாவது ட்ரம்பெட்காரருக்குப் போய்விடும். அந்த ஆளோ, அக்கறையோ ஆசையோ, காலையிலிருந்து "உடம்பு தேவலையா?" என்று விசாரித்துக்கொண்டே இருந்தார்.

பழைய காவியம் ஒன்றை இசையாக்கிப் பதிவுசெய்துகொண்டிருந்தார்கள். சிறையில் கிடக்கும் அரசன் மகனைக் கூப்பிடுகிறான். அந்தக் கூப்பாடுதான் ட்ரம்பெட். கீழே எட்டுப் பித்தளை வாத்தியங்கள். மேல்மாடத்தில் பெரிய குழாய் ஆர்கன், அதை வாசிப்பவர் ட்ரம்பெட்காரரின் அக்கா கணவர். தெருச் சத்தம் வராமலிருக்க ஜன்னல்களையெல்லாம் அடைத்திருந்தார்கள். அரசனுக்காவது சிறையில் கொஞ்சம் காற்று வந்திருக்கும்.

வெக்கையில் ஆர்கனின் சுருதி ஏறிக்கொண்டே போனது. அதை யாரும் இறக்க முடியாது. மற்றவர்கள்தான் கூடவே ஏற வேண்டும். ட்ரம்பெட்காரர் உதட்டை இன்னும் இறுக்கினார்.

மூன்று தடவை வீணாயிற்று. நான்காவது தடவை எல்லாம் கூடிவந்தது. கடைசி நீளச் சுரம் நடுங்காமல் நின்றது. இனி ஏழே விநாடி, ஆர்கன் முழக்கம் கூடத்தில் அடங்கும்வரை யாரும் அசையக் கூடாது. விட்டது சனியன் என்ற நிம்மதியில், ஐந்தாவது விநாடியிலேயே, பழக்கதோஷத்தில் அவர் குழலில் தேங்கிய எச்சிலை வடிக்கும் திறப்பை அழுத்திப் புஸ்ஸென்று ஊதிவிட்டார்.

"பிரமாதம்," என்றது ஒலிபெருக்கியில் ஒலிப்பதிவாளரின் குரல். "ஆனா கடைசில ஏதோ சத்தம். யாருது?"

எல்லோரும் குனிந்துகொண்டார்கள். பல்லையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவர் வாயெடுத்தார்.

"என்னுதுதாங்க," என்றார் மேலிருந்து அக்கா கணவர். "பெடல்ல கால் வழுக்கிடுச்சு. இன்னொரு தடவை போயிடலாம்."

ஆர்கன்காரருக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்க முன்னே ஒரு கண்ணாடி உண்டு. அதில் மைத்துனனைப் பார்த்துத் தலையசைத்தார். முப்பது வருடமாகப் பிழை செய்யாதவர் என்று பேர் எடுத்த மனிதர். இனி உண்மையைச் சொன்னால் மாமா பொய்யராகிவிடுவார். நன்றியில் ட்ரம்பெட்காரருக்குக் கண் கலங்கியது. மாமாவின் கழுத்தை நெரிக்கலாம் போலவும் இருந்தது.

"ட்ரம்பெட், நீங்க ரெடியா?"

பதில் சொல்ல நாக்கைப் புரட்டியபோது பல் கழன்று நாக்கோடு வந்துவிட்டது. அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு, அவர் தலையாட்டினார்.