அக்காவுக்குப் படைத்த சிவப்புக் கேக்

கமலவேணியின் கேக்குக்குக் காஜா பெராங் வட்டாரத்தில் நல்ல பெயர். தகர அடுப்புக்கு மேலேயும் கீழேயும் கரி நெருப்புப் போட்டு அவள் சுடுகிற சிவப்புக் கேக் போகாமல் தெங்கேராவில் ஒரு பாபா சீனர் வீட்டுக் கல்யாணமும் நடக்காது. சிவப்பு அவர்களுக்கு மங்கலம். நிறம் கொஞ்சம் வெளிறினாலும் முகத்தைச் சுளிப்பார்கள். அதனால் கலர் போடுவதில் அவள் கஞ்சத்தனமே பார்த்ததில்லை.

நல்ல பெயரெல்லாம் கேக்குக்குத்தான். அவளுக்கு ஊர் வைத்த பெயர் மாற்றாந்தாய். அக்கா பாக்கியலட்சுமி காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும், அக்காள் புருஷன் பொன்னுதுரைக்கே அவளைக் கட்டிவைத்துவிட்டார்கள். ஆறு வயது தெய்வானை அக்காள் பெற்ற பிள்ளை. சோறு போட்டாலும் குற்றம், போடாவிட்டாலும் குற்றம் என்று பேச ஊரில் ஆளுக்கா பஞ்சம்?

இந்த லட்சணத்தில்தான் பிள்ளைக்கு அந்தத் தொல்லை ஆரம்பித்தது. திடீரென்று உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பும். சொறிந்து சொறிந்து அழுவாள். ஓர் இடத்தில் நிற்கமாட்டாள், தலையைச் சுவரில் மோதுவாள், தூக்கமே கிடையாது. பக்கத்து வீட்டு நாகம்மா பார்த்தவுடன் சொல்லிவிட்டாள்.

"இது சீக்கு இல்ல கமலா. பிள்ளைய விட்டுப் போக மனசில்லாம ஒங்கக்கா வந்து தொடுறா. அவளுக்குப் புடிச்சத வச்சுப் படைச்சிப் பாரு. படைச்சத மொதல்ல பெத்த பிள்ளைக்குக் குடு."

அக்காவுக்குப் பிடித்தது தங்கை சுட்ட சிவப்புக் கேக். வெள்ளிதோறும் அக்கா படத்துக்கு முன்னால் இலை போட்டு, இருப்பதில் நல்ல சிவப்பாகப் பார்த்து ஒரு துண்டு வைத்தாள் கமலவேணி. கற்பூரம் அணைந்ததும் அதைத் தெய்வானைக்கு ஊட்டினாள். சாயங்காலத்துக்குள் பிள்ளைக்குத் தடிப்பு எழும்பிவிடும். அக்காவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை என்று அடுத்த வெள்ளி துண்டைப் பெரிதாக வெட்டினாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறோம் என்று அவள் கண்டாளா?

கடைசியில் புக்கிட் ரம்பாயிலிருந்து அப்பாசாமிப் பூசாரியை அழைத்துவந்தார்கள். அவர் வேப்பிலைக் கொத்தால் பிள்ளையை விளாசிக்கொண்டே, "போறியா, மாட்டியா?" என்று அக்காவை மிரட்டினார். திமிறிய பிள்ளையின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது கமலவேணிதான்.

அதற்குள் மெர்டேகா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. ஊரே கொடியும் தோரணமும் சிவப்புப் பலகாரமுமாகக் கிடந்ததில் சீனத் தவுக்கேயின் மளிகைக் கடையில் சிவப்புக் கலர் விற்றுத் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வெறும் வெள்ளைக் கேக்கை அக்காவுக்குப் படைத்தாள். தெய்வானை தின்றாள், ஓடி விளையாடினாள், அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். அடுத்த வெள்ளியும் அப்படியே. அக்கா சமாதானமாகிவிட்டாள் என்று நாகம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள் கமலவேணி.

கடைக்குக் கலர் வந்ததும், அக்காவுக்கு நன்றி சொல்வதாக நினைத்து ரத்தச் சிவப்பாக ஒரு கேக் சுட்டுப் படைத்தாள். விளக்கு வைப்பதற்குள் பிள்ளையின் கழுத்து தடித்துவிட்டது.

"வர்ற வெள்ளி மறுபடி பூசாரி வரட்டும். இந்தத் தடவ விடக்கூடாது" என்றான் பொன்னுதுரை.

கமலவேணி மீந்த கேக்கைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அதே மாவு, அதே முட்டை, அதே வெண்ணெய். கூடச் சேர்ந்தது ஒன்றே ஒன்றுதான். படையல் தொடங்குவதற்கு முன்பும், கேக்கின் ஓரம் சீவிப் பிள்ளைக்குக் கொடுத்த நாட்களில்தான் தடிப்பு வந்திருக்கிறது. செய்ததெல்லாம் தன் கை. பழி சுமந்தது செத்துப்போன அக்கா.

பேசாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. பூசாரி இன்னொரு தடவை அடித்துவிட்டுப் போகட்டும். கலரை நிறுத்தினால் பிள்ளை குணமாகிவிடும். பேர் அவருக்கு, பழி அக்காவுக்கு. அக்கா எழுந்து சண்டைக்கா வரப்போகிறாள்? வாயைத் திறந்தால், சித்தி விஷம் வைத்தாள் என்று செங் ஊர் வரைக்கும் பரப்பிவிடுவார்கள். இப்படிப் பல நினைப்போடு நாளைக் கடத்தினாள். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது தோளில் வேப்பங்குச்சி கீறிய தழும்பு தெரிந்தது. அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"பூசாரி வேணாங்க" என்றாள் புருஷனிடம். "அக்கா ஒண்ணும் பண்ணல. என் கேக்குல போடுற செவப்பு பிள்ளைக்கு ஒத்துக்கல. நாந்தான் ஊட்டி ஊட்டிக் கெடுத்தேன்."

பொன்னுதுரை அவளையே பார்த்தான். "அவர் அடிச்சப்ப நீதானே கையப் புடிச்சிக்கிட்ட?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே போய்விட்டான். ஒரு அறை விட்டிருந்தாலும் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிள்ளையிடம் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவினாள்.

"பாப்பா, ஒங்கம்மா ஒன்னை ஒண்ணும் செய்யல. செய்யவும் மாட்டாங்க. சின்னம்மா குடுத்த செவப்புக் கேக்குதான் ஒனக்கு அரிச்சது. இனிமே அது வேணாம்."

தெய்வானை கோபிப்பாள், அல்லது பயம் தெளிந்து சிரிப்பாள் என்று கமலவேணி எதிர்பார்த்தாள். பிள்ளை இரண்டும் செய்யவில்லை.

"அப்ப அம்மா வரலையா சின்னம்மா?"

"இல்லம்மா."

"ஒரு தடவகூடவா?"

கமலவேணி இல்லை என்று தலையை அசைத்தாள்.

"அரிச்சா அம்மா வந்துட்டாங்கன்னு அர்த்தம்னு நெனச்சேன்" என்றாள் தெய்வானை. "அதான் எல்லாத்தையும் தின்னேன்."