வண்டி எண்: இல்லை, சரக்கு: முயல்

குவாரி வாசலில் இருந்த லாரி எடை மேடையில் முதன்முதலாக ஏறிய காட்டு விலங்கு ஒரு முயல்; எடை மூன்று கிலோ நூறு கிராம். அந்த மேடை இருபது இருபது கிலோவாகத்தான் கணக்குச் சொல்லும். ஆள் ஏறி நின்றால் அறுபது, சைக்கிள் டயரை வைத்தால் சுழியம். அன்று திரையில் 3.100 என்று வந்தது. எதிலும் விட்டுக்கொடுக்காததால் லாரிக்காரர்கள் 'கிராம்' என்று பெயர் வைத்திருந்த எடைக்காரர், சீட்டு அச்சிட்டார். வண்டி எண்: இல்லை. சரக்கு: முயல். முயல் இறங்கிக் காட்டுப் பக்கம் போனது; பின்னால் நின்ற லாரி ஏறியது.

அடுத்த வருடம் அதே தேதியில் ஒரு நரி, ஒன்பது கிலோ நானூறு. "அண்ணே, நரி காலியா இருந்தப்ப ஒரு எடை போட்டீங்களா? இல்லன்னா சரக்கு எவ்வளவுன்னு எப்படித் தெரியும்?" என்றார் ஒரு டிரைவர். "வரிசைல நில்லுப்பா" என்றார் கிராம். அதற்கடுத்த வருடம் முள்ளம்பன்றி, பன்னிரண்டு கிலோ. இப்படி வருடம் தவறாமல் ஒன்று வந்தது, எடை கொஞ்சம் கூடியது. தன் நேர்மை காடு வரைக்கும் தெரிந்திருக்கிறது, வருடாவருடம் தன் மதிப்பு ஏறுகிறது என்று கிராம் அதற்கு அர்த்தம் வைத்துக்கொண்டார். சீட்டுகளைக் கம்பியில் கோத்து வீட்டு அலமாரியில் மாட்டினார். சாப்பிடும்போது எண்ணைச் சொல்வார். மனைவியின் கையில் கரண்டி அப்படியே நிற்கும்.

அதற்குக் காரணம் இருந்தது. முயல் வந்ததற்கு முந்தைய வருடம் அவர்களுடைய ஒரே மகள் தனக்குப் பிடித்தவனோடு போய்விட்டாள். "இனிமே அவ பேச்சை எடுத்தா நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்று கிராம் சொல்லியிருந்தார். மனைவி எடுக்கவில்லை. மருந்துக்கடை போனில் மட்டும் மகளோடு பேசினாள். பேரன் பிறந்தது முயல் வந்த அன்று. எடை, மூன்று கிலோ நூறு.

பேரனுக்கு ஏழு முடிந்த நாளில் ஒரு மான்குட்டி வந்தது. முந்தைய வருடத்து ஓநாய் இருபது கிலோ, இது பதினாலு. கால் நடுங்க நின்றது, மதியம் வரை இறங்கவில்லை. பதினோரு லாரிகள் காத்திருந்தன. அன்று இரவு எண்ணைக் கேட்டதும் மனைவி வருடக்கணக்காக அடக்கியதை எல்லாம் சொன்னாள். "அது உங்க பேரன் எடை. ஆஸ்பத்திரில கிடக்கான். கிளம்புங்க, போகலாம்."

கிராம் கை கழுவினார். "மெஷின் தப்பா காட்டியிருக்கும்" என்றார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் மெஷினைக் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. மறுநாள் மெக்கானிக் வந்து படிக்கற்களை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, பழுது ஒன்றும் இல்லை என்றார். அதைச் சொல்ல வீட்டுக்குப் போனால் மனைவி இல்லை. அலமாரியில் சீட்டுக் கம்பியும் இல்லை.

பையன் பிழைத்துக்கொண்டான். அடுத்த வருடம் வந்த காட்டுப்பன்றி இருபத்துமூன்று காட்டியபோதுதான் கிராமுக்கு அது தெரிந்தது. அன்று போயிருக்கலாம். எந்த முகத்தோடு போவது என்று ஒரு வருடம் ஓடியது, குவாரியில் லீவு கிடைக்கவில்லை என்று ஒரு வருடம், பிறகு காரணம் தேடவேண்டிய அவசியமே இல்லாமல் ஓடியது. முப்பது, முப்பத்தெட்டு, ஐம்பது. பேரனின் எடை அவருக்குக் கடைசி கிராம் வரைக்கும் தெரியும்; முகம் யார் சாடை என்று தெரியாது.

ஓய்வு பெறும் வருடம், பேரனுக்குப் பதினெட்டு முடிந்த நாளில், கொம்பு முளைத்த மான் வந்தது. ஐம்பத்தெட்டு கிலோ அறுநூறு. எடை போடும்போது மேடையில் ஆள் நிற்கக்கூடாது என்று தானே எழுதி மாட்டிய பலகையைத் தாண்டிப் போய், கிராம் அதன் பக்கத்தில் ஏறி நின்றார். "வளந்துட்டப்பா" என்றார். மான் காதை ஆட்டியது. ஜன்னல் வழியே திரை தெரிந்தது: 58.600. இறங்கிப் பார்த்தார், மறுபடி ஏறிப் பார்த்தார். 58.600.

அவருடைய நாற்காலிக்கு வந்திருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "சார், உங்க எடை ஏறவே இல்லையே. மெக்கானிக்கைக் கூப்பிடவா?"

"வேண்டாம்மா" என்றார் கிராம். "மெஷின் சரியாத்தான் காட்டுது."

மான் இறங்கிக் காட்டுப் பக்கம் போனது. பின்னால் நின்ற லாரி ஏறியது.