நண்டு வண்டியின் சிவப்பு விளக்கு

சர்வீஸ் சென்டரில் இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒரு தம்பி எங்கள் காரோடு ஒரு வயரை மாட்டினான். கையிலிருந்த கம்ப்யூட்டரைக் கால் மணி நேரம் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "பேட்டரிக்குள்ள தண்ணி போயிருக்கு மேடம். மொத்தமா மாத்தணும். புதுசு வர ஆறு வாரம் ஆகும். தண்ணியால வந்த பழுதுன்றதால வாரண்டி கிடையாது" என்றான்.

"பேட்டரியத் தொறந்து பாத்தியா தம்பி?"

"தொறக்கத் தேவையில்ல மேடம். இதுல காட்டுது."

எங்கள் ஏரிப்பக்கமே வராதவன், தண்ணீர் எங்கே போயிருக்கிறது என்று எனக்குச் சொல்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கம்ப்யூட்டரைப் பிடுங்கிக் கூவத்தில் போட்டிருப்பேன். நேரமில்லாததால் விட்டேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை எட்டு மணிக்குச் சென்னையில் ஒரு ஹோட்டலுக்கு நாற்பது கிலோ சேற்றுநண்டை உயிரோடு கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருந்தோம். நாங்கள் என்றால் ஏரிக்கு நடுவில் தீவாக இருக்கிற பசியாவரத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர். மார்பளவுத் தண்ணீரில் நின்று, சேற்றில் கையை விட்டு நண்டு பிடிக்கிறவர்கள். இத்தனை வருஷமும் பிடித்ததையெல்லாம் வடிவேலு என்கிற ஏஜெண்டிடம்தான் போட்டோம். அவனுடைய ஆட்டோ அவன் இஷ்டத்துக்கு வரும். வருவதற்குள் பாதி நண்டு செத்திருக்கும். செத்ததைக் காலால் தள்ளிவிட்டு மீதியை எடுத்துக்கொண்டு போவான். அந்தக் காலைப் பார்த்துப் பார்த்துத்தான் குழுவாகச் சேர்ந்து ஒரு பழைய மின்சாரக் காரை வாங்கினோம். பின்சீட்டைக் கழற்றி நண்டுக்கு இடம் செய்தோம். டிரைவர் நான், பவுனம்மாள். லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம்.

இரண்டு மாதம் மீஞ்சூர் சந்தை வரைக்கும் ஓட்டிப் பழகினேன். அதற்குப் பிறகுதான் இந்த ஹோட்டல் கிடைத்தது. முதல் நாளே சரக்கு வரவில்லையென்றால் வடிவேலுவிடமே வாங்கிக்கொள்வதாக ஹோட்டல்காரர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை காட்டூர் பக்கம் போகும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. கார் நின்றது. எத்தனை தடவை பட்டனை அழுத்தியும் அசையவில்லை. அந்த வழியாக வந்த வடிவேலு ஆட்டோவை நிறுத்தி, "இன்னா பவுனு, பொம்மைக்கு சாவி குடுக்க மறந்துட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனான். திரும்பி வரும்போது, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகக் காரை லாரியில் ஏற்றியதையும் பார்த்தான்.

சர்வீஸ் சென்டரிலிருந்து காரை லாரியில் ஏற்றி மீஞ்சூருக்குக் கொண்டுபோனேன். அங்கே ஜெசிந்தா ஷெட் வைத்திருக்கிறாள். லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண், ஐ.டி.ஐ. படித்தவள். கார் கம்பெனியில் மூன்று வருஷம் மின்சார வண்டி வேலை பார்த்துவிட்டு வந்து சொந்தமாகத் தொழில் நடத்துகிறாள். நான் போவதற்கு முன்பே எங்கள் முனியம்மாள் அக்காவும் சரோஜாவும் பஸ் பிடித்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

"ஆரஞ்சு கலர் வயரு பக்கம் யாரும் வரக் கூடாது. தொட்டா ஆள் காலி" என்றாள் ஜெசிந்தா. முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை போட்டாள். சின்ன பேட்டரியின் வயரைக் கழற்றி, பெரிய பேட்டரியின் இணைப்பையும் பிடுங்கினாள். உள்ளே மிச்சமிருக்கிற கரண்ட் அடங்கட்டும் என்று பத்து நிமிஷம் சும்மா நின்றாள். அப்புறம்தான் கீழே படுத்தாள். மீட்டரை வைத்து ஒவ்வொரு வயராகப் பிரித்துப் பார்த்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து எழுந்து வந்தாள். "பேட்டரி நல்லாக்கீது. பொட்டுத் தண்ணி போவல."

சரோஜா கையெடுத்துக் கும்பிட்டாள். யாரைக் கும்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"அப்புறம் ஏன் ஓட மாட்டேங்குது?" என்றேன்.

"கரண்ட் வயர வுட்டு வெளிய கசியுது. அது தெரிஞ்சதும் வண்டி தானா நின்னுக்கும். ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுனு அப்டி வெச்சிக்கிறாங்க. சார்ஜ் போடுற லைன்லதான் கசியுது, அது மட்டும் தெரியுது. அந்த லைன் பின்னாடி தரைக்கு அடியில மூடி கெடக்குது. மேல ரப்பர் தக்கை போட்டு அடைச்சிருப்பாங்க. அது இருக்கச்சொல்லோ தண்ணி எறங்கவே எறங்காது. அதான் புரியல. எல்லாத்தயும் கழட்டிப் பாத்தா ரெண்டு நாள் ஆவும்."

தக்கை என்றதும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

எங்கள் பக்கம் ஃபைபர் போட்டைக் கரையில் ஏற்றியதும் முதல் வேலை பின்பக்கத் தக்கையைக் கழற்றிவிடுவதுதான். உள்ளே தேங்கிய தண்ணீர் தானாக வடிந்துவிடும். தண்ணீர் தேங்கிய போட்டை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற ஆளைச் சோம்பேறி என்போம். காரை வாங்கிய மறுநாள் பின்பக்கத்து விரிப்பைத் தூக்கினேன். வட்டமாக ஒரு ரப்பர் தக்கை இருந்தது. நண்டு உயிரோடு இருக்கச் சாக்கை ஏரித்தண்ணீரில் நனைத்துத்தான் மூடுவோம். அந்தத் தண்ணீர் வடிய கார்க்காரனே வழி வைத்திருக்கிறான் என்று நினைத்துப் பிடுங்கிவிட்டேன். சாயங்காலம் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவுவேன். சொட்டுத் தேங்காது. காரை என்னைப் போலச் சுத்தமாக வைத்துக்கொள்ள ஆளில்லை என்று பெருமை வேறு.

இதைச் சொன்னால் என்ன ஆகும்? பன்னிரண்டு பேர் காரைக் கெடுத்தவள் என்று பெயர் வரும். சொல்லாவிட்டால் இரண்டு நாள் போகும், ஹோட்டலும் போகும்.

"ஜெசிந்தா, அந்தத் தக்கை இல்ல. நான்தான் கழட்டிட்டேன். போட்டுல கழட்டுறாப்ல."

நான் கார் சாவியை எடுத்து முனியம்மாள் அக்கா மடியில் வைத்தேன். "இனிமே வேற யாராச்சும் ஓட்டட்டும்க்கா."

அக்கா சாவியைத் திருப்பி என் கையில் திணித்தாள். "நானாயிருந்தா முத நாளே கழட்டியிருப்பேன். நீ ஒரு நாள் பொறுத்திருக்கியே. சாவிய இடுப்புல சொருவிக்கினு, எந்த எடம்னு அந்தப் பொண்ணுக்குக் காட்டு."

ஜெசிந்தா சிரித்தேவிட்டாள். "ரெண்டு நாள் வேலைய ரெண்டு மணி நேரமாக்கிட்டக்கா."

நான் காட்டிய துளைக்கு நேர் கீழே இருந்த மூடியைத் திறந்தாள். உள்ளே இணைப்பு முழுக்க உப்புப் பூத்து, பச்சைப் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. மருந்து அடித்து, சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்துக் காய வைத்தாள். உள்ளே கம்பிமுனைகள் அரிக்கப்படவில்லை. புது ரப்பர் வளையம் மாட்டினாள். தன் கடையிலிருந்தே ஒரு தக்கையை எடுத்துத் துளையை அடைத்து, சுற்றிலும் பசை பூசினாள். மீட்டரை வைத்துப் பார்த்தாள். எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். எண் எங்களுக்குப் புரியவில்லை, அவள் முகம் புரிந்தது.

"ஏறி ஸ்டார்ட் பண்ணுக்கா."

பட்டனை அழுத்தினேன். சிவப்பு விளக்கு இல்லை. பச்சை எரிந்தது. ஷெட்டிலேயே சார்ஜ் ஏற்றி, அதிலும் கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் ஜெசிந்தா கையுறையைக் கழற்றினாள். "இனிமே நண்டு மூடி போட்ட டப்பாலதான் வரணும். கார் தரையில ஒரு சொட்டு ஊத்தினீங்கன்னா நான் தொட மாட்டேன். மாசத்துக்கு ஒருவாட்டி கீழ்ப்பக்கம் காட்டிட்டுப் போணும்" என்றாள். சர்வீஸ் சென்டரில் ஒருத்தனும் எங்களுக்கு இதைச் சொன்னதில்லை.

மறுநாள் விடிந்ததும் ஏரிக்கரைப் பக்கம், பழைய டச்சுக்காரன் கல்லறைச் சுவரோரம் காரை நிறுத்தினேன். பசியாவரத்திலிருந்து படகில் டப்பாக்கள் வந்து இறங்கின. வடிவேலு அதற்கு முன்பே ஆட்டோவோடு வந்து நின்றான். எங்கள் கார் லாரியில் போனதைப் பார்த்தவன், நண்டு தானாகத் தன்னிடம் வரும் என்று வந்திருக்கிறான். ஒவ்வொரு டப்பாவாக அவனைத் தாண்டி எங்கள் காரில் ஏறியது. நான் கண்ணாடியை இறக்கி அவனை நன்றாக ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்பினேன். காட்டூரைத் தாண்டும் வரைக்கும் விளக்குகளிலேயே ஒரு கண் வைத்திருந்தேன். தாண்டிய பிறகு பாட்டுப் போட்டேன்.

ஏழே முக்காலுக்கு ஹோட்டலின் பின்வாசல். சமையல்காரர் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தார். ஒவ்வொரு நண்டாகத் தூக்கி, கண்ணைத் தொட்டுப் பார்த்தார். தொட்டதும் எல்லா நண்டும் கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டது. கடைசி டப்பாவில் ஒன்று கொடுக்கைக் கட்டிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டு அவர் விரலைப் பிடிக்கப் பார்த்தது. அவர் கையை உதறிக்கொண்டே, "நாளையிலேர்ந்து அறுபது கிலோவா கொண்டாங்கம்மா" என்றார்.

தெருவுக்கு வந்து போன் போட்டேன். முனியம்மாள் அக்கா முதல் மணியிலேயே எடுத்தாள். வேறெதுவும் கேட்கவில்லை.

"எத்தினி செத்துச்சு?"

"ஒண்ணுகூட சாவலக்கா. நாளைக்கு அறுபது கிலோ வோணுமாம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அக்கா அழுகிறாள் என்று தெரிந்தது. நானும் நடுத்தெருவில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். அப்புறம் அவள் ஏரிக்கரையில் காத்திருந்த மற்றவர்களிடம் சொன்னாள். ஒரே கூச்சல். அந்தக் கூச்சல் அடங்குவதற்குள், ஒவ்வொருத்தியாக ஏரியில் இறங்குகிற சத்தம் போனில் கேட்டது.