எசமான் காலடி

போன ஆடிக் காற்று எங்கள் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்து வயலில் போட்டது. மார்க்கையன்கோட்டையில் ஆடியில் கூரை பறப்பது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது அண்ணாந்து பார்த்தால் ஆகாயம் தெரிந்தால், எந்தப் பொம்பளைக்குத்தான் கோபம் வராது? அன்றைக்கே சொல்லிவிட்டேன். இந்த ஒரு தடவைதான் கிடுகு வேய்வது. அடுத்த ஆடிக்குள் ஓடு ஏறியாக வேண்டும். தேனிக்கு ரயில் வந்த பிறகு மங்களூர் ஓடு வண்டி வண்டியாக வந்து இறங்குகிறது. யார் யார் வீட்டிலோ ஏறுகிறது, நமக்கு மட்டும் என்ன கேடு?

அறுப்பு முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்ததும் பேச்சை மறுபடியும் எடுத்தேன். பழைய வீட்டின் மண்சுவர் இரும்பு மாதிரி நிற்கிறது, அது அப்படியே இருக்கட்டும். வீட்டுக்கு முன்னால், கிழக்கே சும்மா கிடக்கிற பொட்டலில் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு நடுக்கூடம், ஒரு சமையற்கட்டு, நெல் போட ஓர் அறை. பழசுக்கும் புதுசுக்கும் சேர்த்து ஒரே ஓட்டுக் கூரை. இப்போது அடுப்பு மேற்கே இருக்கிறது. காற்று அடித்தால் புகை முழுக்க வீட்டுக்குள்தான் வரும். புது அடுப்பு கிழக்கே போய்விட்டால், காற்றே புகையை வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். இதை யோசித்துக் கண்டுபிடித்தவள் நான்தான். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு.

வாயால் சொன்னால் என் வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. கூடை நிறைய அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு போய், கயிறு பிடித்து, பொட்டலிலேயே வீட்டை வரைந்துவிட்டேன். இது சுவர், இது வாசல், இது அடுப்பு. சொன்னால் சிரிப்பீர்கள். அன்றிலிருந்து நான் சாம்பல் வாசல் வழியாகத்தான் போவேன், வருவேன். யாராவது சாம்பல் சுவரைத் தாண்டி வந்தால், "ஏலே, அங்கன வாசல் இருக்குது, கண்ணு தெரியலையா?" என்று சத்தம் போடுவேன். அக்கம்பக்கத்துப் பெண்கள்கூட வெற்றிலை போட வந்தால் வாசல் வழியாக வந்து நடுக்கூடத்தில் உட்கார ஆரம்பித்தார்கள். கோழிகள்தான் என் சுவரை மதிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் பெயர் கர்ணன். பெயருக்குப் பொருத்தமான மனுஷர், யார் எதைச் சொன்னாலும் இல்லை என்று சொல்லத் தெரியாது. எண்ணெய்க்காரர் வந்து சமையற்கட்டை வடக்கே தள்ளச் சொன்னால், "அதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று தள்ளிவிடுவார். அவருடைய சித்தப்பா மகன் சங்கிலி வந்து நடுக்கூடத்தைக் குறுக்கி மாட்டுக்கு இடம் விடச் சொன்னால், அதற்கும் தலையாட்டிவிட்டு, விளக்குமாற்றால் என் சுவரைக் கூட்டித் தள்ளிவிடுவார். சாயங்காலம் நான் வயலிலிருந்து திரும்பி வந்தால், என் வீட்டில் எனக்கே வழி தெரியாது. மறுபடியும் சாம்பல் கூடையைத் தூக்குவேன்.

இந்தக் கூத்தை அல்லிநகரத்துக் கொத்தனார் ஞானசிகாமணி ஒருநாள் நேரில் பார்த்தார். அளக்கிற டேப் வைத்திருக்கும் கொத்தனார் இந்தப் பக்கத்தில் தான் ஒருவர்தான் என்று அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே சொன்னார்.

"தாயி, சாம்பச் சுவரை வெளக்குமாத்தால மாத்தலாம். நான் கட்டின சுவரைக் கடப்பாறையாலதான் மாத்த முடியும். ஆண்டவர் மேல ஆணையா, பாதியில மாத்தச் சொன்னா நான் கரண்டியைக் கழுவிக்கிட்டுப் போயிருவேன். கல்லு போடுறதுக்கு முந்தி அம்புட்டையும் முடிவு பண்ணிருங்க."

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரரைச் சாம்பல் நடுக்கூடத்தில் உட்காரவைத்தேன். இன்றைக்கு முடிவு தெரியாமல் சோறு கிடையாது என்றும் சொல்லிவிட்டேன்.

"சமையக்கட்டு எங்கன?"

"நீ சொன்ன இடத்துலதான். தெக்குக் கிழக்கு மூலையில."

"சன்னல்?"

"கிழக்க ஒண்ணு, தெக்க ஒண்ணு. அடுப்புக்கிட்ட நிக்கிறவளுக்கு வெளிச்சம் வேணும்ல."

நான் வாயைப் பிளந்துவிட்டேன். அந்தத் தெற்கு ஜன்னலை நானே யோசித்திருக்கவில்லை. நெல் அறைக்கு வெளிவாசல் வேண்டாம், எலி வரும் என்றார். நடுக்கூடத்தைக் குறுக்க வேண்டாம், சங்கிலி அவன் மாட்டை அவன் வீட்டிலேயே கட்டட்டும் என்றார். வாசல் நேர் கிழக்கே, ரெட்டைக் கதவு என்றார். கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்று இருந்தது. இத்தனை தெளிவை மனசுக்குள் வைத்துக்கொண்டா இந்த மனுஷர் எண்ணெய்க்காரர் பேச்சுக்கெல்லாம் விளக்குமாற்றைத் தூக்கினார்?

"இனி யாரு சொன்னாலும் மாத்த மாட்டீகள்ல?"

"மாத்த மாட்டேன்."

"அப்பச் சித்திரையில நாள் பாத்துருவமா? ஆடிக்குள்ள ஓடு ஏறிரும்."

அதுவரைக்கும் மலர்ந்திருந்த முகம் சட்டென்று வாடிவிட்டது. நீட்டியிருந்த காலை மடக்கி வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

"ஆவணியில பாப்பமே, புள்ள."

"ஆவணிக்கு முந்தி ஆடி வருது! இன்னொரு தடவை கூரை பறக்கணுமா?"

"செவலைக்கு உடம்பு சரியில்ல. வண்டிக்கு யாரு..."

செவலை என்பது எங்கள் காளை. அன்று காலையில்தான் அது கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் சோற்றைப் போட்டுவிட்டுப் பேசாமல் படுத்துவிட்டேன். மறுநாள் காலையில் நானே போய்ச் சித்திரையில் நல்ல நாள் பார்த்துக் கொத்தனாருக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்த நாளும் வந்தது. விடியுமுன்னே பொட்டலைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, சாம்பல் கோடுகளைப் புதிதாகப் போட்டேன். சொந்தக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரின் அக்கா மொக்கம்மாள், எனக்கு மதினி, புதுச் சேலை கட்டி முதல் ஆளாக வந்து நின்றாள். ஞானசிகாமணி டேப்பை நீட்டி அளக்கப் போனார். மதினி தடுத்தாள்.

"கொத்தனாரே, அந்த நாடாவைச் சுருட்டி வைங்க. எங்க சொந்தத்துல எசமான் காலடிதான் அடி. எசமான் வலது காலை வச்சுக் கோலு வெட்டி, அந்தக் கோலாலதான் வீட்டை அளக்கணும். எங்க அப்பா இந்தப் பழைய வீட்டைக் கட்டினப்ப அப்படித்தான் அளந்தாக."

"எனக்கென்ன, எந்த அடியால அளந்தாலும் என் சுவரு நேராத்தான் நிக்கும்" என்று கொத்தனார் ஒரு மூங்கிலை எடுத்துத் தரையில் போட்டார். "எசமான், செருப்பைக் கழட்டிட்டு வலது காலை இங்கன வைங்க."

எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

எங்களுக்குக் கல்யாணமான மறு வருஷம், பருத்தி ஏற்றிய வண்டியின் சக்கரம் அவர் வலது காலில் ஏறிவிட்டது. பெருவிரலும் அடுத்த விரலும் போய்விட்டன. அதிலிருந்து முன்பக்கம் மூடினாற்போலத் தோல் வைத்துத் தைத்த செருப்பு இல்லாமல் அவர் தெருவில் இறங்கியதில்லை. வயலில் சேறு மறைத்துவிடும். வீட்டுக்குள் அந்தக் கால் எனக்குப் பழகிப்போன கால். எண்ணெய் தேய்த்துவிடும்போதுகூட அது குறையாக என் கண்ணில் பட்டதில்லை. அவர் கால் என்றால் அப்படித்தான் இருக்கும், அவ்வளவுதான். அவருக்கு அது அப்படி இல்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. காலை வைக்கச் சொல்வார்கள் என்று அவருக்கு முன்பே தெரியும். ஆவணி, செவலைக்கு உடம்பு, எண்ணெய்க்காரர் யோசனை எல்லாமே இந்தக் காலை ஊர் முன்னால் நீட்டாமலிருக்கத்தான்.

"கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று அவர் திரும்பினார்.

சங்கிலி சிரித்தான். "அண்ணன் காலை வச்சு அளந்தா வீடும் கட்டையாத்தான் வரும். தள்ளுங்க, நான் வைக்கிறேன்." இரண்டு பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். அவன் செருப்பைக் கழற்றியும்விட்டான். அவன் காலால் அளந்தால், அந்த வீட்டுக்கு எசமான் அவன்தான் என்று ஊர் காலமெல்லாம் சொல்லும். என் வீட்டுக்காரர் அந்தக் கூடத்தில் விருந்தாளியாக உட்கார்ந்திருப்பார்.

எப்படி நடந்து போனேன் என்று தெரியாது. சாம்பல் வாசல் வழியாகத்தான் போனேன், அது மட்டும் தெரியும். சங்கிலிக்கு முன்னால் போய் மூங்கில் மேல் என் வலது காலை வைத்தேன்.

"ஏத்தா கஸ்தூரி, என்ன இது?" என்று மதினி பதறினாள். "பொம்பள காலையா வைக்கிறது?"

"விடிஞ்சு அடைஞ்சா இந்த வீட்டுல நடக்கப்போறது யாரு, மதினி? அடுப்புக்கும் நெல்லுக் குதிருக்கும் தொழுவுக்கும் நடக்கிறது இந்தக் காலுதான. இதை வச்சு அளந்தா என்ன குறைஞ்சு போகும்?"

ஒரே கூச்சல். ஆகாது என்றார்கள், ஆகட்டும் என்றார்கள், பக்கத்து வீட்டுப் பெண்கள் எனக்காகச் சண்டைக்கே வந்துவிட்டார்கள். ஞானசிகாமணி கோல் வெட்ட எடுத்த அரிவாளை ஓங்கிக்கொண்டு சத்தம் போட்டார். "நீங்க பேசுறதை எல்லாம் நான் கேக்க முடியாது. எசமான் ஒரு வார்த்தை சொல்லட்டும். எந்தக் காலு?"

கூட்டம் அடங்கியது. எண்ணெய்க்காரருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷர், இத்தனை பேர் முன்னால் என்ன சொல்லப்போகிறார்? "அதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று சங்கிலியைக் காட்டிவிட்டால்?

அவர் குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றினார். ஓரமாக ஒதுக்கிக்கூட வைக்கவில்லை, நடுவிலேயே போட்டார். வெறுங்காலோடு நடந்து, சாம்பல் வாசலை மிதித்து உள்ளே வந்தார். ஊரே அந்தக் காலைப் பார்த்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, கல்யாணத்தன்று மெட்டி போடப் பிடித்தாரே, அதேபோல என் குதிகாலைப் பிடித்து மூங்கில் நுனியோடு சேர்த்து வைத்தார்.

"வெட்டுங்க கொத்தனாரே. இந்தக் காலுதான்."

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. சிரிப்பும் வந்தது. அரிவாள் ஒரே வெட்டில் கோலைத் துண்டாக்கியது.

"அம்மா காலு சின்னக் காலு" என்றார் ஞானசிகாமணி, கோலைத் தூக்கிப் பார்த்து. "நடுக்கூடம் சுருங்கிப் போகுமே, எசமான்?"

"அப்ப இன்னும் கொஞ்சம் அடியைக் கூட்டிப் போடுங்க. கூடம் சுருங்கக் கூடாது. அதுல மாத்தம் இல்ல." சொல்லிவிட்டு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மதினி மூக்கைச் சிந்திக்கொண்டே குலவை போட ஆரம்பித்தாள். சங்கிலி தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றான்.

கொத்தனார் முளைக்குச்சியும் சுத்தியலுமாக வந்து என்னிடம் கேட்டார். "வாசல் எங்கன வருது, தாயி? முளை அடிக்கணும். சாம்பக் கோடு கலைஞ்சு கிடக்கே."

கோடு கலைந்துதான் கிடந்தது. கலைந்த இடத்தில், ஈரச் சாம்பலில், என் வீட்டுக்காரர் நடந்து வந்த வலது காலடி பதிந்திருந்தது. மூன்று விரல் தடம் தெளிவாகத் தெரிந்தது.

"அந்தத் தடம் தெரியுதுல்ல" என்றேன். "அதுதான் வாசல். அங்கனயே அடிங்க."