ஜம்புவின் வரிசை

மாதுங்கா குழந்தை வைத்தியர்கள் சங்கத்தின் தலைவர் பதவி டாக்டர் ஜம்புவுக்குப் போன நாளிலிருந்து டாக்டர் மகாதேவனுக்குச் சோறு இறங்கவில்லை. 1964இல் சங்கம் தாராவியில் தடுப்பூசி முகாம் போட்டது. இருவருக்கும் அடுத்தடுத்த மேஜை. ஜம்புவின் முன்னால் தாய்மார்கள் தெருக்கோடி வரை நின்றார்கள். மகாதேவன் முன்னால் ஈக்கள்தான்.

“ஏம்மா, இங்கே காலியாத்தானே இருக்கு, வாங்கோளேன்!”

“வேண்டாய்யா,” என்றாள் ஜம்புவின் வரிசையில் பிள்ளையோடு நின்ற இசக்கியம்மாள். “அந்த டாக்டரு புள்ளைய மடியில வச்சுல்லா ஊசி போடுதாவ. நீங்க மொதப் புள்ளைய மேசையில கெடத்துனிய, அது போட்ட சத்தத்தக் கேட்டியளா?”

மகாதேவன் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பிள்ளையை மடியில் வாங்கி ஊசி போட்டார். பிள்ளை அழவில்லை, சலவைப் பேண்டைத்தான் நனைத்தது. அதைப் பார்த்துப் பாதி வரிசை இவர் பக்கம் சாய்ந்தது. மகாதேவனுக்கு வயிறு குளிர்ந்தது.

மாலையில் தலைவர் நன்றியுரை சொன்னார்: “நம்ம மகாதேவனும் என் முறைக்கே வந்துட்டார். ரொம்ப சந்தோஷம்!”

கைதட்டலில் மகாதேவனின் காது எரிந்தது. அடுத்த ஞாயிறு மாஹிம் முகாமுக்கு ஜம்பு வந்து சேர்ந்தபோது, மகாதேவன் அறுபதாவது பிள்ளைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.